போத்தல் நிறையத் தண்ணீர், ரேடியேற்றர் காலி

வெருகல் திருவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போதுதான் வான் எங்கள் காலை வாரியது. உள்ளே பதினொரு பேர், மாமி கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு, தூங்கி வழிகிற பிள்ளைகள், வெளியே கச்சான் காற்று அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி அடிக்கிறது, நேரம் மத்தியானம் ஒரு மணி தாண்டியிருக்கும். மூதூருக்குக் கொஞ்சம் முன்னால் சூட்டு முள் மெல்ல ஏறத் தொடங்கியது. வழக்கமாகப் பாதிக்குக் கீழே படுத்துக்கிடக்கிற முள் முக்காலுக்கு வந்து, அதையும் தாண்டிச் சிவப்புக் கோட்டைத் தொடப் பார்த்தது. வேகத்தைக் குறைத்தேன். அப்புறம் திடீரென்று முள் இறங்கியது. இறங்கியது என்றால் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது எங்கே நிற்குமோ அந்த இடத்துக்கே. "பார்த்தியா, முருகன் கைவிட மாட்டான்" என்றார் மாமி. நானும் நம்பினேன், அதுதான் வெட்கம்.

முள் எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்தியிருப்பேன். சூட்டை உணர்கிற சென்சர் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கி இருக்க வேண்டியது. தண்ணீர் குறைந்து சென்சரின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் அதைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும்தான், எஞ்சினின் உண்மையான சூடு அதற்குத் தெரியாது, முள் தன் பாட்டுக்கு இறங்கிவிடும். ஏறுகிற முள்ளுக்குப் பயப்பட வேண்டும், ஏறிய முள் காரணமில்லாமல் சடாரென்று விழுந்தால் அதைவிடப் பயப்பட வேண்டும். எனக்கு உறைத்தது மூக்கால்தான். காய்ந்த இரும்பும் கருகிய ரப்பரும் கலந்த ஒரு வாசனை, கூடவே எஞ்சின் சத்தம் கனத்துப்போய், மிதித்தாலும் இழுவை இல்லை. ஓரம் கட்டினேன்.

எங்கள் வான் டொயோட்டா ஹைஏஸ், அதில் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே. சீற்றைத் தூக்கியதும் சூடு முகத்தில் அறைந்தது. பக்கத்து வளவிலிருந்து ஒரு பெடியன் நல்ல மனதோடு ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து நேரே எஞ்சின் மேல் ஊற்றப் போனான். சித்தப்பா "டேய் ஊத்தாத, வெடிச்சிடும்!" என்று போட்ட சத்தத்தில் பிள்ளைகள் எல்லாம் எழும்பிவிட்டார்கள். அவர் முப்பது வருடம் லொறி ஓட்டியவர். எஞ்சினின் மேல் பாகமான ஹெட் கொதிக்கும்போது அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் குளிர்ந்த கிளாசில் கொதிநீர் ஊற்றின கதைதான். எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கிற ரேடியேற்றரின் மூடியில் கை வைக்கவும் விடவில்லை. எல்லோரையும் ஒரு மரத்துக்குக் கீழே இறக்கி, புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு, மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிறது என்றானபிறகு மூடியில் தடித்த துணியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பி, நிறுத்தி, காற்றுப் போகவிட்டு, அப்புறம் முழுதாகத் திறந்தோம். உள்ளே தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியதில் ஐந்தரை லீற்றர் குடித்தது.

ரேடியேற்றரிலிருந்து வழிகிற தண்ணீரைச் சேர்க்கிற ரிசேவ் போத்தல் மட்டும் முக்கால்வாசி நிறைய இருந்தது. காலையில் நான் பார்த்து, தண்ணீர் இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்தது அந்தப் போத்தலைத்தான்.

வான் 1986 ஹைஏஸ், எல்எச் 61, 2எல் டீசல் எஞ்சின், 2446 சிசி. இலங்கையில் இந்த உடம்புக்கு 'ஷெல்' என்று பெயர், அடுத்து வந்தது 'டொல்பின்'. ஷெல் வாங்கப் போகிறேன் என்று சொன்ன அன்று அப்பம்மா ஒரு நிமிஷம் முழித்தார், எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு யுத்தகாலக் குண்டு ஞாபகம் உண்டு. இந்த எஞ்சின் முரட்டு எஞ்சின், ஒயிலும் தண்ணீரும் ஒழுங்காக இருந்தால் லட்சக் கணக்கில் கிலோமீற்றர் ஓடும். ஒருமுறை நன்றாகச் சூடேற விட்டால் ஹெட் வெடிப்பதற்கும் பெயர் போனது.

ஊரில் யாரைக் கேட்டாலும் வெயிலைத்தான் குற்றம் சொல்கிறார்கள். திருகோணமலை வெயிலுக்குப் பழைய வான் தாங்காதாம். வெயில் கூடிப்போனால் 35, 36 டிகிரி, எஞ்சின் தண்ணீர் வழக்கமாக ஓடுவதே 80, 90 டிகிரியில், அதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. என் வானைத் திறந்து பார்த்த பிறகு எனக்கு வந்த முடிவு, இதைக் கொல்ல வந்தது வெயில் இல்லை, கிணற்றுத் தண்ணீர். எங்கள் வீடு உவர்மலையில், பெயரிலேயே உவர். கொஞ்சம் வடக்கே போனால் உப்புவெளி, அதற்கும் அப்பால் நிலாவெளியில் உப்பளம். இப்படிப்பட்ட ஊரில் கிணற்றில் அள்ளி ரேடியேற்றரில் ஊற்றுகிறோம். வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கல் படிந்திருக்கிறதே, அதே கல்தான் ஹெட்டுக்குள்ளும் படிகிறது, கேத்தலையாவது எட்டிப் பார்க்கலாம்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் மூடியும் போத்தலும். மூடி என்றால் வெறும் மூடி இல்லை, அதற்குள் இரண்டு வால்வு. ஒன்று அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 0.9 கிலோ வரும்வரை தண்ணீரை உள்ளே அடைத்து வைக்கும், அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 118 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி போட்டால் 100 இலேயே கொதித்துப் போத்தலுக்குத் தள்ளிவிடும். இரண்டாவது, நடுவில் இருக்கிற சின்ன வால்வு. எஞ்சின் ஆறும்போது தண்ணீர் சுருங்கும், உள்ளே வெற்றிடம் வரும், அப்போது இந்த வால்வு திறந்து போத்தலில் இருக்கிற தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும். என் மூடியில் அது துருவில் ஒட்டிக்கிடந்தது. நகத்தால் இழுத்தேன், வரவில்லை. போதாததற்குப் போத்தலுக்குப் போகிற மெல்லிய ஹோஸ் கழுத்துப் பக்கத்தில் வெடித்திருந்தது, வால்வு நல்லதாக இருந்திருந்தாலும் உறிஞ்சியிருப்பது காற்றைத்தான். ஆக ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சத் தண்ணீர் போத்தலுக்குப் போகும், திரும்பி வராது. போத்தல் நிறையும், ரேடியேற்றர் வற்றும். போத்தல் என்று மரியாதையாகச் சொல்கிறேன், முந்தின சொந்தக்காரர் வைத்திருந்தது கம்பியால் கட்டின ஒரு சோடாப் போத்தல்.

இதற்கு ஒரு அடையாளம் மாதக் கணக்கில் என் கண்முன்னாலேயே இருந்தது. காலையில் சீற்றைத் தூக்கினால் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும், கையால் அமத்திவிட்ட மாதிரி. ஹோஸ் பழசு என்று நினைத்தேன். உள்ளே வெற்றிடம் இழுத்துத்தான் அது சப்புகிறது, மூடியைப் பார் என்று அது தினமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

அடுத்தது தண்ணீரை இறக்குவது. பேசினை வைத்துக் கீழ்த் திருகைத் திறந்தால் வந்தது தேத்தண்ணி, அதுவும் சாயம் கூடின வெறுந்தேத்தண்ணி. ரேடியேற்றரில் இறங்குவது பாதிதான், எஞ்சின் பிளாக்கின் பக்கத்திலும் ஒரு வடிகால் திருகு இருக்கிறது, அதை யாரும் தொடுவதே இல்லை. இரண்டு நாள் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, ஸ்பனரில் ஒரு குழாயைச் செருகி நெம்பினால் கிறீச் என்று ஒரு சத்தத்தோடு அசைந்தது. முழுதாகக் கழற்றி எடுத்தேன், ஒரு சொட்டும் வரவில்லை. ஓட்டைக்குள் சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தினேன். மெத்தென்று இருந்தது, களிமண்ணைக் குத்துகிற மாதிரி. நாலாவது குத்தில் செங்கல் நிறத்தில் சேறு பிதுங்கி வந்து, அதற்குப் பின்னால் ஒரு பீச்சு, என் சட்டை முழுக்க. அந்தச் சேற்றை ஒரு ரின் மூடியில் காயவைத்துப் பார்த்தேன், விரலால் தேய்த்தால் துருவும் சுண்ணாம்புப் பொருக்கும். இது சிலிண்டரைச் சுற்றி அடியில் படிந்து கிடந்தால் எந்த ரேடியேற்றர் போட்டும் என்ன பிரயோசனம்?

இங்கே ஒரு விஷயம். இப்போது இறக்கினது வெறும் தண்ணீர், அடுத்த முறை இறக்கப் போவது கூலன்ட், தண்ணீரோடு கலந்து ஊற்றுகிற துருத் தடுப்புத் திரவம். அதில் இருக்கிற எதிலின் கிளைக்கோல் இனிக்கும், ஆனால் நஞ்சு. நாய், பூனை, ஆடு எதுவும் நக்கிக் குடிக்கும். எங்கள் ஊரில் கூடுதலாக மான். திருகோணமலைக் கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான்கள் ஊருக்குள்ளும் வந்து குப்பையைக் கிளறுகின்றன. இறக்கின கூலன்ட்டை முற்றத்தில் மூடாமல் வைக்கக் கூடாது, வாய்க்காலில் ஊற்றவும் கூடாது, கானுக்குள் ஊற்றி மூடி வையுங்கள்.

கல்லை இளக்கச் சிற்றிக் அசிட் வாங்கினேன், பலசரக்குக் கடையில் சர்பத்துக்கு விற்கிறதே அதுதான். பத்து லீற்றர் தண்ணீருக்கு 250 கிராம் அளவில் கரைத்து ஊற்றி, எஞ்சினை அரைமணி நேரம் சும்மா ஓடவிட்டு, நிறுத்தி, கொஞ்சம் ஆறினதும் இறக்கினேன். முதல் தடவை கறுப்புக் கோப்பி. இரண்டாவது தடவை மஞ்சள். அப்புறம் அப்பச் சோடா ஒரு பிடி கரைத்து ஒரு ஓட்டம், மிச்ச அசிட் செத்துப்போக. அதற்குப் பிறகு வெறும் தண்ணீரில் நாலு தடவை, தெளிவாக வரும் வரைக்கும். இராத்திரி முழுக்க அசிட்டை உள்ளே விட்டால் இன்னும் நன்றாகக் கழுவும் என்று ஒரு மச்சான் சொன்னார், கேட்காதீர்கள், கல்லை முடித்துவிட்டு இரும்பைத் தின்னத் தொடங்கும். இன்னொரு எச்சரிக்கை, பழைய எஞ்சினில் சில ஓட்டைகளைத் துருதான் அடைத்து வைத்திருக்கும், கழுவினால் அங்கே ஒழுகும். எனக்கு ஹீற்றர் குழாயில் அது நடந்தது. ஜப்பானில் ஓடின வான், பின் சீற்றுக்காரருக்கும் ஹீற்றர் வைத்திருக்கிறார்கள், அதற்கு உடம்புக்குக் கீழே நீளமாக இரும்புக் குழாய் ஓடுகிறது. திருகோணமலையில் பின் சீற்றுக்கு ஹீற்றர் எதற்கு, அந்தக் குழாய் இரண்டையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒரு ஹோஸால் இணைத்து மூடிவிட்டேன். முன் ஹீற்றரை மட்டும் விட்டுவைத்தேன், சூடேறுகிற நேரத்தில் அதை முழுசாகத் திறந்துவிட்டால் கொஞ்சச் சூட்டை இழுத்துக்கொள்ளும். வியர்த்து ஊற்றும்தான், ஹெட் தப்பும்.

ரேடியேற்றரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். பித்தளை ரேடியேற்றர் என்பதால் மேல் தாங்கியை ஈயம் இளக்கிக் கழற்ற முடிந்தது. பாஸ் உள்ளே ரோர்ச் அடித்துக் காட்டினார், குழாய்களில் மூன்றில் ஒன்று வாயோடு அடைத்திருந்தது. தட்டையான கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு மேலும் கீழும் இழுக்க இழுக்கப் பொருக்குப் பொருக்காக விழுந்தது. வெளிப்பக்கம் வேறு கதை. கடற்காற்றில் அந்த மெல்லிய தகட்டுச் செட்டைகள் கீழ்வரிசையில் இற்றுப்போய், விரல் பட்டதும் பப்படம் மாதிரி உதிர்ந்தன. "இன்னும் ரெண்டு வருஷம் இழுக்கும் தம்பி, அதுக்குப் பிறகு புது கோர்தான்" என்றார் பாஸ். சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் கன்னை ரேடியேற்றருக்கு நேரே அடிக்க விட்டதும் என் பிழைதான், செட்டை எல்லாம் ஒரு பக்கம் படுத்துக் காற்றுப் போகிற வழியை அடைத்திருந்தது. வெண்ணெய்க் கத்தியால் ஒவ்வொன்றாக நிமிர்த்த ஒரு பின்னேரம் போயிற்று.

ரேடியேற்றருக்குக் காற்று இழுக்கிற பேனைச் சுற்றி இருக்க வேண்டிய பிளாஸ்ரிக் கூட்டின் கீழ்ப்பாதி இல்லை, யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் பேன் ரேடியேற்றர் வழியாக இழுக்காமல் பக்கத்தில் இருக்கிற சுடுகாற்றையே சுற்றிச் சுற்றிக் கிளறும். பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. பெல்ட் இரண்டும் புதுசு, ஹோஸ் எல்லாம் புதுசு, கிளிப் எல்லாம் புதுசு.

சூடானதும் திறந்து ரேடியேற்றருக்குத் தண்ணீரை விடுகிற வால்வுதான் தேர்மோஸ்டாட், அதற்காக அதன் கூட்டைத் திறந்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை. முன்பு ஒரு கராஜில் கழற்றியிருக்க வேண்டும், "எங்கட வெயிலுக்கு அது எதுக்கு" என்ற அதே நியாயத்தில். இந்த நியாயம் ஊர் முழுக்க இருக்கிறது, படித்தவர்களும் சொல்கிறார்கள். டொயோட்டாவின் வேர்க்‌ஷொப் புத்தகத்தில் நேர் எதிராக எழுதியிருக்கிறது, எஞ்சின் சூடேறினாலும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றாதே, கழற்றினால் குளிரவைக்கிற சக்தி குறையும் என்று. காரணம், அது சூடேறித் திறக்கும்போது ரேடியேற்றருக்கு வழிவிடுவதோடு, எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவருகிற குறுக்கு வழியை அடைக்கவும் செய்கிறது. அது இல்லாவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றரைப் பார்க்காமலே திரும்பிவிடும். பாரம் இல்லாமல் ஊருக்குள் ஓடினால் எஞ்சின் சரியாகச் சூடாகவே ஆகாது, டீசல் குடிக்கும், பாரத்தோடு தூரம் போனால் சூடேறும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும் ஒவ்வொரு சூடு என்பார்கள், என் எஞ்சினும் அப்படித்தான் நாளுக்கொரு சூட்டில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

புதுசு ஒன்று வாங்கினேன், 82 டிகிரி என்று அடித்திருந்தது. போடுவதற்கு முன்னால் சோதிக்க வேண்டும், புதுசிலும் செத்தது வரும். அடுப்பில் தண்ணீர்ச் சட்டி, அதற்குள் நூலில் கட்டித் தொங்கவிட்ட தேர்மோஸ்டாட், அடியில் படாமல், பக்கத்தில் ஒரு தெர்மோமீற்றர். 80 வரைக்கும் வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தது. 82 தாண்டி 83 வரும்போது விளிம்பில் மயிரிழை அளவு ஒரு இடைவெளி, அதற்குள்ளிருந்து சின்னச் சின்னக் குமிழி. 95 இல் தூக்கி அடிமட்டம் வைத்தேன், 9 மில்லிமீற்றர் திறந்திருந்தது, 8 க்கு மேல் என்றால் சரி. நல்ல சந்தோஷத்தில் நிமிர்ந்தால் மனைவி வாசலில் நிற்கிறார். அது மீன் குழம்புச் சட்டியாம். புதுச் சட்டி ஒன்றும் செலவுக் கணக்கில் சேர்ந்தது. மாட்டும்போது அதில் ஆடுகிற ஒரு சின்ன ஊசி இருக்கும், அது மேலே பார்க்க இருக்க வேண்டும், காற்று வெளியேறுகிற வழி அதுதான்.

நிரப்புவதற்குக் கூலன்ட்டும் பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. உறைபனிக்காக இந்த ஊரில் ஒரு துளியும் தேவையில்லை, நான் காசு கொடுப்பது அதிலிருக்கிற துருத் தடுப்பு மருந்துக்கு. சிவப்பா பச்சையா என்று சண்டை பிடிக்கிறார்கள், நிறம் வெறும் சாயம், ஒரு வகையை ஊற்றினால் இன்னொன்றைக் கலக்காமல் இருந்தால் போதும். வானை எங்கள் ஒழுங்கையின் ஏற்றத்தில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் திறந்து, மெல்ல ஊற்றி, மேல் ஹோஸை அமத்தி அமத்திவிட, குளுக் குளுக் என்று காற்று வந்தது. மூடி திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணினேன். இந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு அடித்தது. ஹெட் வெடித்திருந்தாலோ அதற்குக் கீழே இருக்கிற கேஸ்கட் போயிருந்தாலோ சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வரும், குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், ஹோஸ் குளிரிலேயே கல்லாக இறுகும். குமிழி வந்தது. வந்துகொண்டே இருந்தது. சித்தப்பா ஒன்றும் பேசாமல் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் குறைந்தது, தேர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் மளக்கென்று இறங்கியது, இன்னும் ஒன்றரை லீற்றர் ஊற்றினேன், அதற்குப் பிறகு ஒரு குமிழியும் இல்லை. ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன், தண்ணீர் கலந்தால் வருகிற பால் தேத்தண்ணி நிறம் இல்லை, கறுப்பு ஒயில்தான். தப்பியது திறமையால் இல்லை, தகுதிக்கு மேற்பட்ட அதிர்ஷ்டம்.

அடுத்த நாள் காலை மூடியைத் திறந்தால் கழுத்து வரைக்கும் தண்ணீர், போத்தலில் ஒரு விரல் குறைந்திருந்தது. உறிஞ்சியிருக்கிறது! இவ்வளவு வேலையிலும் என்னை உண்மையில் சந்தோஷப்படுத்தியது அந்த ஒரு விரல்தான்.

கந்தளாய் வரை போய் வந்தேன், பிறகு பத்துப் பேரோடு ஹபரணைக்கு. முள் பாதிக்குச் சற்றுக் கீழே ஏறி நின்றது, அசையவில்லை. இதைவிடக் கடினமான சோதனை கோணேசர் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை, கோட்டை வாசலிலிருந்து மேலே வரைக்கும் வாகன நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து போனது. முன்னால் இருந்து காற்றே இல்லாமல் பேனை மட்டும் நம்பின ஓட்டம். முள் ஒரு மயிரிழை ஏறி, பேன் பிடித்ததும் இறங்கியது, மெல்ல, ஒழுங்காக, இறங்க வேண்டிய மாதிரி.

நேற்று தண்ணீரைச் சுற்றவைக்கிற வோட்டர் பம்ப்புக்குக் கீழே விரல் விட்டுப் பார்த்தேன். கசிவைக் காட்டுகிற சின்னத் துளையைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஒரு பொருக்கு, கூலன்ட் கசிந்து காய்ந்த தடம். பேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் மிக மெல்லிய ஒரு ஆட்டம் கைக்குத் தெரிகிறது. பழைய தண்ணீராக இருந்திருந்தால் நிறமில்லாமல் காய்ந்திருக்கும், எனக்குத் தெரிந்தே இருக்காது. பம்ப்புக்குச் சொல்லியிருக்கிறேன், அடுத்த போயா (பௌர்ணமி) லீவுக்குத் திரும்பவும் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். பேசினை மூடப் பலகை ஒன்று இப்போதே எடுத்து வைத்துவிட்டேன், முந்தாநாள் படலையடியில் ஒரு மான் நின்றது.